உப்புத் தண்ணீர் ஊரில் இசைத்தட்டு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது பிரஷ் இல்லை, வெளிநாட்டுக் கழுவு மருந்தும் இல்லை. டிடிஎஸ் மீட்டர்: லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. ஆர்ஓ மெஷின் விற்கிற கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் பக்கத்துத் தட்டுகள் கெட்டதற்குத் தூசு ஒரு காரணம் என்றால், தூசைப் போக்குவதற்கு ஊற்றிய தண்ணீர் அதைவிடப் பெரிய காரணம்.

நம் போர் தண்ணீரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர், பல்லில் கறை, மூட்டு வலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் தட்டுக்கு ஃபுளோரைடு தனியாக ஒன்றும் செய்துவிடாது. கால்சியம், மெக்னீசியம், சோடியம் என்று அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவுதான் தட்டைக் கெடுக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்கிறது அது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. குடிப்பதற்கு அந்தக் கணக்கு சரி, தட்டுக்கு ஆகாது.

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் ஒரு தட்டைக் கழுவுகிறோம். ஒரு பக்கத்தில் 3 மில்லி தண்ணீர் தங்கி அப்படியே காய்ந்தால், 3 மில்லிகிராம் உப்பு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் பெரிய எல்பி தட்டில் பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலம்தான். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் முள் கடக்கும் தூரமோ ஏறக்குறைய 430 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் உப்புப் படிகம் பள்ளத்தின் சுவரில் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகக் கட்டுகிறதே, அதே படிவம்தான். காய்ந்த பிறகு பிரஷ் போட்டாலும் வராது. கழுவுவதற்கு முன் இருந்ததைவிடக் கழுவிய பிறகு சத்தம் கூடிவிட்டது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். அதனால், கழுவுவது பாதி வேலைகூட இல்லை, அலசுவதுதான் வேலை.

எந்தத் தண்ணீர் ஆகும்? குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் அது ஆற்றுத் தண்ணீர், உப்பு இருக்கும். ஆர்ஓ கேன் தண்ணீர் மீட்டரில் பெரும்பாலும் 30க்கும் 100க்கும் இடையில் காட்டும். அவசரத்துக்கு முதல் கழுவலுக்கு அது போதும், கடைசி அலசலுக்குக் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கொஞ்சம் சுண்ணாம்பு அடியில் படியும், மீதி உப்பு வற்றிய தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பிப் பிடித்துவைக்கிறவர்கள் உண்டு. உப்பு இல்லைதான், ஆனால் ஏசிக்குள் படிந்த தூசும் பூஞ்சையும் அதோடுதான் வருகின்றன. வேண்டாம்.

ஆக, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் வழி. கேனில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வாங்கியதும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 0 முதல் 5க்குள் இருந்தால் நல்ல தண்ணீர். 20, 30 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே பேட்டரிக்கு ஊற்றப் பயன்படுத்திய புனலையோ பாட்டிலையோ தொடவே கூடாது, அதில் ஆசிட் இருக்கும். 5 லிட்டர் கேன் ஒன்று, சிக்கனமாகப் பிடித்தால், ஐம்பது அறுபது தட்டுகளுக்குத் தாராளமாக வரும்.

அரக்கா, வினைலா

தண்ணீர் கையில் வந்தாயிற்று என்று உடனே கழுவ ஆரம்பிக்கக் கூடாது. முதலில் தட்டு எந்த இனம் என்று பார்க்க வேண்டும். 78 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று, ஓடும் பழைய தட்டு அரக்கால் ஆனது. கனமாக இருக்கும், விரலால் மெல்லத் தட்டினால் ஓடு மாதிரிக் கெட்டிச் சத்தம் வரும், கீழே விழுந்தால் சில்லு சில்லாக உடையும். 33⅓ வேக எல்பியும் 45 வேகச் சின்னத் தட்டும் பெரும்பாலும் வினைல், லேசாக வளையும். மேலைநாடுகளில் 1960 வாக்கில் 78 மறைந்த பிறகும் இந்தியாவில் அது சில ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதனால் பாட்டு எந்த ஆண்டுப் பாட்டு என்பதை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். லேபிளைப் படியுங்கள்.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் ஸ்பிரிட். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டால் சொல்வார், அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அழுக்கோடு பாட்டும் கரைந்து வந்துவிடும். ஒரு துடைப்பில் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. அரக்குத் தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டரும் ஒரு துளி வெட்டிங் ஏஜென்டும் (கீழே ‘கலவை’யில் வருகிறது) மட்டும்தான். அதையும் ஊறவிடக் கூடாது. அரக்கோடு கலந்திருக்கும் கல்பொடியும் நிரப்புப் பொருளும் தண்ணீரை இழுக்கும். சில தட்டுகளின் நடுவே காகித அடுக்கும் உண்டு, விளிம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறி அடுக்கு பிரியும். நனைத்து, துடைத்து, உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கலவை

வினைலுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, போட்டோ பிலிம் கழுவும்போது கடைசியில் சேர்ப்பார்களே அந்த வெட்டிங் ஏஜென்ட் 10 துளி, அதாவது அரை மில்லி. ஆல்கஹாலைத் தேடி அலைய வேண்டாம். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ அதைத்தான் வைத்திருப்பார்கள், உதிரிபாகக் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். டப்பாவில் 99 சதவீதம் என்று இருக்க வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் சானிடைசரும் ஆகாது. அவற்றில் கையின் தோலுக்காகவும் வாசனைக்காகவும் சேர்த்தவை தட்டில் பிசுக்காகத் தங்கும்.

பாத்திரம் கழுவும் திரவமும் அப்படித்தான். எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் அதிலுள்ள நிறம், மணம், உப்பு மூன்றும் பின்னால் தங்கும். வெட்டிங் ஏஜென்ட் கிடைக்காவிட்டால் தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டும் போதும். அளவைக் கூட்டினால் அதிகம் சுத்தமாகும் என்று நினைத்து 10 துளியை 50 ஆக்காதீர்கள். அலசி முடிக்கவே முடியாது. முள்ளின் நுனியில் வெள்ளையாக மாவு போல எதுவும் சேர்கிறது என்றால், பெரும்பாலும் மிச்சம் நின்ற சோப்புதான் அது.

ஆல்கஹாலே வேண்டாம் என்கிற காப்பகங்கள் உண்டு. எங்கள் கருத்து இது: வெறும் தூசு படிந்த தட்டுக்கு அது தேவையில்லை, தண்ணீரும் வெட்டிங் ஏஜென்டும் போதும். கைரேகை, எண்ணெய், புகைப் பிசுக்கு உள்ள தட்டுக்கு 10 சதவீதம் வேண்டும். 20க்கு மேல் எதற்கும் தேவையில்லை. கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையிலும் விளக்கேற்றிய பூஜை அறையிலும் இந்த வேலை கூடாது. ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

நம் ஊர் அழுக்கு

இந்தப் பக்கத்துத் தட்டுகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரேடியோ செட்காரர்களிடம் இருந்தவை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் பண்டிகை என்று தெருவில் பந்தலடியில் ஓடியவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே பெட்டியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இருக்கும். அந்தத் தட்டுகளின் அழுக்கை அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்.

மேல் அடுக்கு கல்தூசு. கிரானைட் குவாரியும் கட்டிங், பாலிஷ் பட்டறைகளும் உள்ள ஊர்களில் காற்றிலேயே அது இருக்கிறது. கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. இரும்புக் கத்தியையே கீறும். வினைல் அதன் முன் வெண்ணெய். ஆகவே உலர்ந்த துணியால் தட்டைத் துடைப்பது என்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கறுப்பாகப் பளபளக்கும் தட்டில் நுண்ணிய வட்டக் கீறல்கள் தெரிந்தால், பெரும்பாலும் முள் போட்டவை அல்ல, வேட்டி நுனி போட்டவை. தூசை முதலில் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால், தட்டைச் சுழலவிட்டு, எடைகொடுக்காமல் தொட்டு ஒரு பக்கமாக ஒதுக்கித் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈரம்.

இரண்டாவது அடுக்கு சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தோறும் புகை போடும் வீட்டில், கூடத்து அலமாரியில் உறையில்லாமல் இருந்த தட்டுகளில் மெல்லிய பிசினாகப் படிந்திருக்கும். பிசினில் தூசு ஒட்டும், பிரஷ்ஷுக்கு வராது, வெறும் தண்ணீருக்கும் அசையாது. ஆல்கஹால் சேர்த்த கலவைதான் அதைக் கழற்றும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் லேபிளில் மட்டும் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது தட்டின் வரலாறு. பாட்டுப் பள்ளத்தில் வழிந்திருந்தால் முதலில் காய்ந்த சந்தனத்தை நீரில் ஊறவைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி இளக்கி எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது.

மூன்றாவது, பளபளப்புக்காகத் தடவிய தேங்காய் எண்ணெய். இது இருந்தால் கலவையை இரண்டு முறை போட வேண்டியிருக்கும், இரண்டாவது முறைக்குப் புதுத் துணி. நான்காவது பூஞ்சை: வெள்ளைப் புள்ளிகளாக, சிலந்தி நூல் போலப் படர்ந்திருக்கும். மழையில் நனைந்த உறையோடு மூடிவைத்த தட்டுகளில் வரும். ஓசூர்ப் பக்கத்துக் குளிரும் ஐப்பசி ஈரமும் அதற்கு வசதி. பூஞ்சைத் தட்டை முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித்திண்ணையில் வைத்துத் திறக்க வேண்டும். அந்த உறையை மற்ற உறைகளோடு வைக்கக் கூடாது.

கழுவும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். லேபிள் நனைந்தால் மை கசியும், காகிதம் சுருங்கும். 10 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு பிளாஸ்டிக் மூடிகள், நடுவே துளை, உள்பக்கம் ரப்பர் வாஷர், ஒரு போல்ட்டும் நட்டும் இருந்தால் லேபிளை இருபுறமும் மூடிவிடலாம். சைக்கிள் கடைச் சாமானிலேயே செய்துவிடலாம்.

தட்டை பிளேயரின் மேலேயே வைத்துக் கழுவாதீர்கள். தண்ணீர் நடு அச்சு வழியாகப் பேரிங்கில் இறங்கும். பழைய சுழல்தட்டு ஒன்று இருந்தால் நல்லது, இல்லையென்றால் கெட்டியான துவாலை விரித்த மேஜை போதும். ஒரு பக்கத்துக்குக் கலவை 4 மில்லி. ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சில் அளந்து வட்டமாக விடலாம். மென்மையான, அகலமான ஓவியப் பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே, வட்டமாக, ஒரு நிமிடம் தடவிக்கொண்டே இருங்கள். உள்ளிருந்து வெளியே குறுக்காக ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அழுத்தமும் தேவையில்லை, பிரஷ் மயிர் பள்ளத்தில் இறங்கினால் போதும். எண்ணெய், பிசின் இருந்தால் இன்னும் ஒரு நிமிடம். ஆனால் கலவை தட்டின்மேல் காய்ந்துபோக விடக் கூடாது. சித்திரை வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் 4 மில்லி வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, அழுக்குத் தண்ணீரை எடுப்பது. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிரஷ் அழுக்கைக் கிளப்பிவிட்டது, அது இப்போது தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீரோடு அதையும் தூக்கி எடுத்தால்தான் தட்டு சுத்தம். புது மைக்ரோஃபைபர் துணியை வட்டமாக ஒற்றிக்கொண்டே நகர்த்தி எடுக்கலாம். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால், குழாய் முனையில் நெடுக்காக ஒரு கீறல் போட்டு வெல்வெட் துணி ஒட்டித் தட்டைச் சுற்றிவிட்டு உறிஞ்சலாம். துணியைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். காய்ந்த வினைலின்மேல் வெல்வெட் உரசினால் நிலைமின்சாரம் ஏறி அறையிலுள்ள தூசையெல்லாம் இழுக்கும்.

பிறகு அலசல். வேறு பிரஷ், வேறு துணி; கலவையில் தோய்ந்தவை இதற்கு ஆகா. வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பக்கத்துக்கு 5 மில்லி. அரை நிமிடம் தடவி, எடுத்து, இன்னொரு முறை 5 மில்லி. எண்ணெய்த் தட்டுக்கு மூன்றாவது முறையும். சந்தேகம் இருந்தால் கடைசியாக எடுத்த தண்ணீரை ஒரு மூடியில் பிழிந்து மீட்டரை வைத்துப் பாருங்கள். ஆல்கஹாலையும் வெட்டிங் ஏஜென்டையும் மீட்டர் காட்டாது, உப்பைத்தான் காட்டும். ஆனால் முன்பு போர் தண்ணீரில் கழுவி உப்புப் பிடித்த தட்டுகளுக்கு இது நல்ல அளவுகோல். அப்படிப்பட்ட தட்டில் முதல் அலசல் தண்ணீர் 50, 60 காட்டும், போகப் போகக் குறையும். சில உப்பு கரையவே கரையாது. வினிகர் ஊற்றிக் கரைக்கலாம் என்பார்கள். நாங்கள் பரிந்துரைப்பதில்லை, இரண்டு மூன்று முறை டிஸ்டில்டு வாட்டரில் நேரம் கொடுத்து ஊறவைத்தால் கரைகிற அளவு கரையும், அதோடு விட்டுவிடலாம்.

மரப்பசையைத் தடவிக் காயவிட்டு உரிக்கும் முறை காணொளிகளில் பார்க்க அழகாக இருக்கும். பூச்சு மெல்லியதாகிவிட்டால் உரியும்போது கிழிந்து, துணுக்குகள் பள்ளத்தில் நின்றுவிடும். நம் கோடை வெயிலில் விளிம்பு முதலில் காய்ந்து நடு காயாமல் இருப்பதால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். வேண்டாம்.

காயவைக்க, தட்டுகளைச் செருகும் ஸ்டீல் ஸ்டாண்டு போதும், கம்பிகளில் பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு, வெயில் படாத, காற்று வீசாத அறையில் ஒரு மணி நேரம். பிறகு புது உள்ளுறை. கழுவிய தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண், அழுக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. உள்பக்கம் பாலித்தீன் பூசிய காகித உறை நல்லது. மேலட்டைக்குத் தடித்த, வழவழப்பான பிவிசி கவர் போடாதீர்கள். ஆண்டுகள் போனால் அதிலிருந்து கசியும் பொருள் தட்டின்மேல் பனிமூட்டமாகப் படியும், அது எந்தக் கழுவலுக்கும் போகாது.

எவ்வளவு கழுவினாலும் சரியாகாத தட்டுகளும் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கறுப்பாக மின்னாமல் சாம்பலாக மங்கியிருந்தால் அது தேய்மானம். உச்சத்தில் பாடும் இடமெல்லாம் குரல் கரகரக்கும். சட் சட் என்ற சத்தம் ஒரே இடைவெளியில், 33⅓ தட்டில் 1.8 விநாடிக்கு ஒரு முறை, 45 தட்டில் 1.33 விநாடிக்கு ஒரு முறை வந்தால் அது குறுக்குக் கீறல். ஒழுங்கில்லாமல் அங்கங்கே வந்தால் அழுக்கு, கழுவினால் குறையும்.

வைக்கும் இடம்

தருமபுரி வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் நாள்களில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலுள்ள பரண் தட்டு வைக்கும் இடமே அல்ல. 50 டிகிரியைத் தாண்டினால், சாய்ந்து நிற்கும் தட்டு தன் எடைக்கே வளையத் தொடங்கும். மே மாதம் நிறுத்திவைத்த கார் அதைவிடச் சூடாகும். பெங்களூரில் வாங்கித் திரும்பும்போது வழியில் சாப்பிடக் காரை நிறுத்தினால் தட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் கடப்பாக்கல் அலமாரி எடையைத் தாங்கும், நல்லதுதான். நூறு எல்பி அட்டையோடு 25 கிலோவுக்குக் குறையாது. ஆனால் மேற்குச் சுவரில் பதித்த அலமாரி இரவு எட்டு மணிக்கும் சுடும். வடக்கு அல்லது உள்சுவர் அலமாரி, நேராக நிறுத்திய தட்டுகள், ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தடுப்பு. படுக்கவைத்து அடுக்கக் கூடாது. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது, அதே பெட்டியில் போடாதீர்கள். காய்ந்த வேப்பிலை பொடிந்து தூசாகும். அட்டையைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஒரே மருந்து, தட்டுகளைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது.

முள்ளும் பிளேயரும்

வைர முள் 500 முதல் 1000 மணி நேரம் வரும். பழைய எச்எம்வி ஃபியஸ்டா போன்ற பெட்டிகளில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) நீலக்கல் முள்ளாக இருந்தால் 50 மணி நேரத்துக்கே தேய்ந்துவிடும். தேய்ந்த முள் உளி ஆகிவிடும், ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் செதுக்கும். பத்தர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸில் முள்ளில் சேர்ந்த அழுக்கு தெரியும். தேய்மானம் தெரிய 100 மடங்குக்கு மேல் காட்டும் யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் முள்ளைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும், சின்ன பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. பக்கவாட்டில் இழுத்தால் முள் தாங்கும் குழல் வளைந்துவிடும். ஒட்டிய அழுக்குக்கு வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வைத்து, முள்ளை மெல்ல அதன்மேல் இறக்கி நேராகத் தூக்குங்கள். இழுக்கக் கூடாது. ஆல்கஹால் அடிக்கடி படக் கூடாது, வைரத்தைப் பிடித்திருக்கும் பசை இளகும்.

78 தட்டுக்கும் எல்பிக்கும் ஒரே முள் ஆகாது. எல்பி முள்ளின் நுனி ஆரம் 0.018 மில்லிமீட்டர் அளவு, 78க்கு அதைப்போல நான்கு மடங்கு. எல்பி முள்ளை 78இல் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து உருளும். 78 முள்ளை எல்பியில் போட்டால் சுவர் பிளந்துவிடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போட்டால் ஒரே ஓட்டத்தில் தட்டு தீர்ந்தது. அதில் 78தான் ஓடும். அதற்கும் எஃகு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று, அடுத்த பக்கத்துக்குப் புதிது.

முள்ளின் அழுத்தத்தைக் கண்ணளவில் வைக்காதீர்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும், எடைத்தட்டு காந்தத்தில் ஒட்டாததாக இருக்க வேண்டும், அளக்கும் உயரம் தட்டின் உயரமாக இருக்க வேண்டும். ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஏடி3600எல்லுக்கு 3 கிராம். தட்டு தேயுமே என்று பயந்து சொன்ன அளவுக்குக் கீழே குறைக்கிறவர்கள் அதிகம். அழுத்தம் குறைந்தால் முள் பள்ளத்தில் உட்காராமல் சுவருக்குச் சுவர் மோதும், தேய்மானம் கூடத்தான் செய்யும்.

பிளேயரை வைக்க நம் ஊரில் உள்ள வசதி வேறு எங்கும் இல்லை. கிரானைட் பட்டறையில் 45க்கு 35 சென்டிமீட்டர், 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு கேளுங்கள், எட்டரைக் கிலோ இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவருமுன் வெட்டிய விளிம்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அங்கேதான் கல்தூசு உதிரும். கல் தனியாக இருந்தால் தட்டியதும் ஒலிக்கும், எனவே நான்கு மூலையிலும் தடித்த ரப்பர் துண்டு. கொத்தனாரின் ரசமட்டத்தைச் சுழல்தட்டின்மேல் இரண்டு திசையிலும் வைத்துச் சரிபாருங்கள். நம் வீடுகளின் தரை சிமென்ட், நடப்பதால் முள் குதிக்காது. ஸ்பீக்கரை அதே மேஜையில் வைப்பதால்தான் குதிக்கும்.

ஹம் என்று அடிநாதமாக இரைச்சல் வந்தால் முதலில் பிளேயரிலிருந்து வரும் தனி எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் வீட்டு எர்த். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும் ஊர் இது. எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பர் சக்கரத்தால் ஓடும் பழைய மெஷின்களில், ஓட்டாத நேரம் லீவரை ஆஃப் நிலையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஒரு இடத்தில் அமுங்கித் தட தட என்று கேட்கும். சக்கர விளிம்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பிடிப்பு திரும்பும். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி. தேங்காய் எண்ணெய் கூடாது, ஓசூர் மார்கழியில் உறைந்துவிடும். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகைக்கு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று துளிதான். தட்டு மாற்றும் பொறியில் பழைய கிரீஸ் பிசினாக இறுகிப்போயிருந்தால் அதன்மேலேயே எண்ணெய் விடாதீர்கள். முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாக மெல்லிய பூச்சு.

வேகத்தைப் பார்க்க, சுழல்தட்டின்மேல் வைக்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். 33⅓க்கு 180 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நிற்க வேண்டும், 45க்கு 133, 78க்கு 77. எல்ஈடி பல்புகள் பல இப்படி மினுக்குவதில்லை. பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டோ நியான் இண்டிகேட்டரோ வேண்டும். அட்டையில் 216 கோடு இருந்தால் அது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே பொய் சொல்லும். அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயரிலும் இதே சிக்கல். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸை வைத்தே வேகம் அமையும் ஏசி சின்க்ரோனஸ் மோட்டாராக இருந்தால் 33⅓ வேகம் 27.8க்கு இறங்கி, பாடகர் குரல் இழுவையாகக் கேட்கும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். கம்பெனிப் புல்லி கிடைக்காவிட்டால் ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பெல்ட் ஓடும் இடத்தில் பழைய புல்லியின் விட்டத்தைவிட 1.2 மடங்கு, பித்தளையில், மோட்டார் தண்டுக்கு உள்துளை துல்லியமாகப் பொருந்தும்படி கடையச் சொல்லுங்கள். துளை மையம் விலகினால் சுருதி ஒவ்வொரு சுற்றிலும் ஆடும். பெல்ட்டை அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும். புல்லி பெருத்ததும் சுற்றளவும் கொஞ்சம் கூடியிருக்கும்.